கரண்ட் இல்லாத பகல்

வீட்டை ஒட்டிய ஷெட்டில் இரண்டு விசைத்தறி ஓட்டுகிறேன். முப்பது வருடமாக அந்தச் சத்தத்திலேயே இருந்து பழகியவன். பராமரிப்புக்காக மாதத்தில் ஒருநாள் மின்சாரத்தை நிறுத்தினால் எனக்கு நெஞ்சு படபடக்கும். கைக்கு வேலை இல்லையென்றால் ஏதோ தப்பு நடக்கப்போகிறது என்று ஒரு பயம்.

அன்று சங்கரன்கோவில் முழுக்க சாயங்காலம் ஐந்து மணி வரை கரண்ட் கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். காலையிலிருந்து வாசலுக்கும் ஷெட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"செத்த நேரம் சும்மா உக்காரப்பிடாதா?" என்றாள் மனைவி.

முடியவில்லை. மதியம் ஒரு பழைய துணியை எடுத்து, தறியின் பல்சக்கரத்தில் படிந்த பஞ்சைத் துடைக்க ஆரம்பித்தேன். முந்தின நாள்தான் துடைத்த சக்கரம் அது. தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருந்தது. சுவிட்சை அணைக்கவில்லை என்பது என் புத்தியில் படவே இல்லை.

"சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிட்டாள். எரிச்சலோடு கையை எடுத்துத் திரும்பினேன். தடதடவென்று தறி ஓடத் தொடங்கியது. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கரண்ட் வந்துவிட்டது! சக்கரத்தில் நான் விட்டிருந்த துணி நார்நாராகக் கிழிந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

இப்போதெல்லாம் கரண்ட் போனதும் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். முதல் அரைமணி நேரம் உள்ளங்கை வேர்க்கும். போன மாதம் அவளிடம், "படபடன்னு வருது" என்றேன்.

"வரட்டும். விரலு பத்தும் இருக்குல்லா?" என்றாள்.