வெள்ளியங்கிரியின் ஞாயிறு டூட்டி

"காலை 9.40. முப்பத்தோரு சதவீதம். விசிறிச் சத்தம் இயல்பு" என்று கோடு போட்ட நோட்டில் எழுதி, ஓரத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போடுகிறார் வெள்ளியங்கிரி. பத்து நிமிடம் கழித்து அடுத்த வரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டூரில் அவர் வீட்டு முன்னறையில் இதுதான் நடக்கும். லேப்டாப் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும். அவர் காவல் இருப்பார்.

அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் முப்பத்தோரு வருடம் மீட்டர் பார்த்து எழுதியவர். ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் கை நிற்கவில்லை. வீட்டில் பனியனோடு திரிபவர், அப்டேட் என்றால் சட்டை மாட்டிக்கொள்கிறார். பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. "டூட்டிங்க இது. பனியனோட உக்கார முடியுங்களா?" எதிர்வீட்டுக்காரனான நான், அப்டேட்டைத் தட்டிவிட்டுத் தூங்கப் போகிற ஆள். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

லேப்டாப்போடு சேர்ந்தே வந்த அப்டேட் மென்பொருள், ஐந்து மாதமாக அவரைப் பாடாய்ப் படுத்தியது. பாதி தாண்டியதும் நின்றுபோய், "தெரியாத பிழை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு கட்டத்தைத் திறக்கும். நாமெல்லாம் மூடிவிடுவோம். அவர் "ஐயா, வணக்கம்" என்று தொடங்கி, நேரம், சதவீதம், அறையின் வெப்பம் வரை எழுதுவார். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "எங்கள் பக்கம் எந்தக் கோளாறும் இல்லை." நகல் நோட்டிலும் ஏறும். பத்தொன்பது கடிதம் போயிற்று. பதில் ஒன்றும் இல்லை. "அதனால என்னங்க சாமி? நம்ம ரீடிங்குல பொய் இருக்காது. சர்வீஸ்ல ஒருத்தன் வெரல் நீட்டுனதில்ல" என்பார். அந்த ஒன்றில்தான் மனிதருக்கு அத்தனை பெருமை.

போன ஞாயிறு அப்டேட் நூறைத் தொட்டுவிட்டது. நான் கைதட்டினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. "இன்னைக்கு மட்டும் எப்படி ஆச்சு?" என்று நோட்டைப் புரட்டினார். குறிப்புப் பத்தியில் புதிதாக ஒரே ஒரு வரி இருந்தது: "முத்தாயம்மாள் பனமரத்துப்பட்டி போயிருக்கிறார்."

மறுநாள் மனைவி திரும்பியதும் விசாரணை. நானும் போயிருந்தேன்.

"அப்ப நானில்லாட்டித்தான் எல்லாம் நல்லா நடக்குதுன்னு சொல்லுங்க" என்றார் முத்தாயம்மாள்.

"அதில்ல புள்ள. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு என்ன பண்ணுவ?"

"ஏனுங்க, இட்லிக்கு மாவாட்டுவேன். இப்பக்கூட அரிசி ஊறுது."

"போடு, பாக்கலாம்."

சமையலறையில் கிரைண்டர் சுற்றத் தொடங்கியது. அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்த வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு பொசுக்கென்று அணைந்தது. இணையம் போனால் அப்டேட் எப்படி முடியும்? ஐந்து மாதக் கோளாறு அவ்வளவுதான்.

"மாவாட்டுறப்பெல்லாம் அது அணைஞ்சு எரியுமுங்களே" என்று சிரித்தார் முத்தாயம்மாள். வெள்ளியங்கிரியின் முகம் சுண்டிப்போயிற்று. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. லேப்டாப்பில் இருபதாவது கடிதம் எழுதினார்: "ஐயா, வணக்கம். முந்தைய பத்தொன்பது கடிதங்களிலும் கடைசி வரி தவறு. கோளாறு எங்கள் பக்கம். மன்னிக்கவும்."

யாரும் படிக்கப் போவதில்லை என்றேன்.

"படிக்காட்டி என்னங்க? எழுதுனது நானாச்சே."

சிவப்புப் பேனா வெளியே வந்தது. நோட்டில் பத்தொன்பது இடத்திலும் அந்த வரியை அடித்துக் கையெழுத்திட்டார். "திருத்தம்னா ரெண்டு கையெழுத்து வேணுமுங்க" என்றபடி பேனாவை நீட்டினார். நான் கையை நீட்டினேன். பேனா என்னைத் தாண்டி, மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்த முத்தாயம்மாளிடம் போயிற்று.