கென்கோ அடித்த இரங்கல் நோட்டீஸ்

டோல்னா ரேகா ஊரில் யார் செத்தாலும் வீட்டுக்காரர்கள் முதலில் ஓடிவருவது கென்கோவின் அச்சுக் கடைக்குத்தான். கறுப்புக் கட்டம் போட்ட இரங்கல் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார். அதை வாசற்கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள். ஒட்டியதை யாரும் கையால் கிழிப்பதில்லை. மழையும் காற்றும்தான் கிழிக்க வேண்டும். பெண்டாட்டி பிள்ளை இல்லாத அந்த மனிதருக்கு அறுபத்து மூன்று வயதில் ஒரே ஒரு ஆசை பாக்கி. ஊர் கால்பந்து அணி முதல் டிவிஷனில் ஆடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அந்த ஆசையில் மண்ணள்ளிப் போட்டான் கிளப் தலைவன் பொனெவ். கோச் காரொவ் அணியை இரண்டாம் டிவிஷன் பட்டியலின் உச்சியில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். ஆறு ஆட்டம் பாக்கி இருக்கும்போது அவரை விரட்டினான். அடுத்து வந்தவர் மூன்று ஆட்டம் தாங்கினார். அப்புறம் யார் தெரியுமா? உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் பொனெவின் மருமகன்! ஒரே ஒரு பாயிண்டில் முதல் டிவிஷன் கைநழுவிப் போயிற்று. பாவி!

மறுநாள் காப்பிக்கடையில் பழைய கூட்டாளி மின்சோ சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பியபடி வம்பிழுத்தார். "காரொவும் கடைசியா டிராதானடா பண்ணாரு? மாத்தினதுல என்ன தப்பு?"

"டிரா பண்ணா ஒரு பாயிண்டு வரும்டா, மடையா! அந்த ஒரு பாயிண்டு இல்லாமத்தானே நாசமாப் போனோம்!"

"சரி சரி, கத்தாதே. நீ என்ன கிழிச்சிடப் போற?"

"அவன் வாயாலயே காரொவைத் திரும்பக் கூப்பிட வைக்கல, என் பேரு கென்கோ இல்ல."

நேரே கடைக்குப் போய் மெஷினைத் தட்டினார். கறுப்புக் கட்டத்துக்குள் எழுத்து ஏறியது: 'எங்கள் முதல் டிவிஷன் கனவு. வயது முப்பது ஆட்டம். மாமனார் முன்னிலையில், மருமகன் மடியில் உயிர்விட்டது. தீராத துயரத்துடன், ஊர் மக்கள்.' ஞாயிற்றுக்கிழமை பொனெவ் குடும்பம் தேவாலயத்தில் இருந்த நேரம் பார்த்து, அவன் வாசற்கதவில் நன்றாகப் பசை தடவி ஒட்டிவிட்டு வந்தார்.

திரும்பிவந்த பொனெவ் அதைக் கிழிக்கக் கையை ஓங்கினான். "ஐயோ, தொடாதீங்க! நிஜமாவே சாவு வந்துடும்!" என்று மனைவி அலறினாள். ஓங்கிய கை இறங்கிவிட்டது. தபால்காரர் வாசலில் தொப்பியைக் கழற்றினார். தினமும் யாரோ படியில் இரண்டு பூ வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஊரில் சாவுக்குத்தானே இரட்டைப்படையில் பூ வைப்பது! விருந்தாளி ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை. மனைவி அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஒவ்வொரு செய்தியும் கென்கோவின் வயிற்றில் பால் வார்த்தது.

மூன்றாம் வாரம் பொனெவ் கடை வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, மருமகனை அனுப்பிட்டேன். காரொவ் கையெழுத்துப் போட்டாச்சு. உங்களுக்குக் கோடிப் புண்ணியம், வந்து அந்தத் தாளை எடுத்துடுங்க."

கென்கோ கை மையைத் துடைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். காப்பிக்கடையே பின்னால் வந்தது. கதவின் முன்னால் நின்று, தான் அடித்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

"நான் எப்படிப்பா எடுக்கிறது? சாவு நோட்டீஸை மனுஷன் கையால கிழிக்கலாமா? மழை வந்து கரைக்கட்டும்."

பொனெவ் அண்ணாந்து பார்த்தான். வாசலில் ஒரு சொட்டுகூட விழாதபடி, போன மாதம்தான் அவன் ஆசையாசையாகக் கண்ணாடிக் கூரை போட்டிருந்தான்.