ஒரு தடவை சூடாக்கினால் போச்சு

காற்றைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும். பரீட்சைத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்த பிறகு விடை ஞாபகம் வந்து தவித்தவர்கள் எல்லோரும் எங்கள் கட்சிதான்.

போனால் வராது

ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்குக் காற்று, விரல் நீள உலோக டியூபில் வரும். உள்ளே இருக்கும் தூளில் ரசாயன ஆவிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடாக்கினால் அவை கிளம்பி இயந்திரத்துக்குள் போய், ஒவ்வொன்றாகப் பிரிந்து, திரையில் முனை முனையாக எழும்பும். எங்கள் பழைய இயந்திரத்தில் ஒரு டியூபை ஒரு தடவைதான் சூடாக்க முடியும். தப்பு நடந்தால் அந்தக் காற்று போனது போனதுதான்.

அன்று கெலாங் பாத்தா பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று டியூப்கள் வந்தன. பின்னாலிருந்த கால்வாயில் யாரோ எதையோ கொட்டி, பிள்ளைகள் வாந்தியெடுத்து, பள்ளியை மூடியிருந்தார்கள். காற்றுப் பிடித்த மறுநாளே நாற்றம் அடங்கிவிட்டது. இன்னொரு தடவை பிடிக்க வழியில்லை. நாங்கள் ஒன்றும் இல்லை என்று சொன்னால் கால்வாயைச் சுத்தம் செய்யாமலே பள்ளியைத் திறந்துவிடுவார்கள். சோதனைக்குக் கொடுத்தவர் பெற்றோர் சங்கத் தலைவி மல்லிகா. போனில் அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. “புள்ளைங்க நடிக்குதுங்கன்னு சில பேரு சொல்றாங்க மிஸ். எம் பொண்ணுக்கு இன்னும் சோறு எறங்கல.”

தலைவலித் தைலம்

முதல் டியூபைச் சூடாக்கினேன். திரையில் மெந்தாலும் கற்பூரமும் மலை மாதிரி எழும்பின. மற்றதெல்லாம் அவற்றுக்கடியில் புதைந்துவிட்டது. கால்வாயில் கற்பூரத்தை யார் கொட்டுவார்கள்? காற்றுப் பிடித்துவந்த சரவணனைக் கூப்பிட்டேன்.

அவன் கிட்டே வருவதற்குள் பதில் என் மூக்கில் ஏறிவிட்டது. மின்யாக் ஆங்கின்! தலை சுற்றினால், வயிறு வலித்தால், பஸ் ஏறினால், நமக்கு எல்லாவற்றுக்கும் அந்தத் தைலம்தானே. திட்டத்தான் வாயைத் திறந்தேன். பாவம், அந்த நாற்றத்தில் அரைநாள் நின்றவன் அவன். மற்ற டியூப்களையும் அதே கையால்தான் தொட்டாயா என்று மட்டும் கேட்டேன். “கேட் பக்கத்துல மொத டியூப மாட்டுனப்ப மட்டுந்தான்க்கா தடவியிருந்தேன். அப்புறம் கை கழுவிட்டேன்னு நெனைக்கிறேன் லா.”

இடி

காலி டியூப்களை ஓட்டி ஓட்டி இயந்திரத்திலிருந்து கற்பூரத்தை விரட்டவே மத்தியானம் ஆகிவிட்டது. இரண்டாவது டியூபை வைத்தேன். அது சூடேறி ஆவியெல்லாம் கிளம்பிய நேரம் பார்த்து ஜொகூரின் மத்தியான மழை வந்தது. பெரிதாக ஒரு இடி. கரண்ட் போய்விட்டது. ஆபத்துக்கு உதவ வேண்டிய பேட்டரியும் கையை விரித்தது.

இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பார்க்காத ஒரு சிறுமி சோற்றுத் தட்டைத் தள்ளிவைக்கிறாள் என்ற நினைப்பே விடவில்லை. மேலாளர் லிம் டார்ச் லைட்டோடு வந்து, மீதி ஒன்றுதானா என்று மலாயில் கேட்டார்: “திங்கால் சாத்து சாஜா, ஆ?”

வகுப்பறைக் காற்று

வகுப்பறையில் பிடித்த மூன்றாவது டியூபை மறுநாள் காலையில் வைத்தேன். சரவணன் கையை முகர்ந்துகொண்டே வாசலில் நின்றான். கற்பூரம் வரவேண்டிய நேரம் வந்தது. சின்னதாக ஒரு மேடு, அவ்வளவுதான். அதற்கு முன்பே டொலுவீனும் சைலீனும் தெளிவாக, பயமுறுத்தும் உயரத்தில் எழும்பியிருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நிமிஷமே, பிள்ளைகள் மூச்சிழுத்த காற்றல்லவா இது என்று உறைத்தது.

அறிக்கையை வாங்க மல்லிகா நேரில் வந்தார். பெயிண்ட் கரைக்கிற திரவங்களின் ஆவி இது, சுவாசித்தால் வாந்தி வரும், தலை சுற்றும் என்று விளக்கினேன். கால்வாயைச் சுத்தம் செய்யும்வரை பள்ளியைத் திறக்கமாட்டார்கள் என்றும் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர் அழுதுவிட்டார். “புள்ள நடிக்கலன்னு இதுல ஒரு வரி எழுதிக் குடுங்க மிஸ், அவகிட்ட காட்டணும். மொத நாளு நானும் நம்பாம அடிச்சிட்டேன்.”

ஒன்றும் இல்லை என்று வந்தாலும் பயம், இருக்கிறது என்று வந்தாலும் பயம், இதற்குப் பெயர் அலுவலக வேலை என்று வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.