சுண்ணாம்புப் பள்ளமும் வரையாடும்

அரியலூர்ப் பக்கம் உயரம் என்றால் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கிதான். ஆழத்துக்கு மட்டும் குறைவில்லை. சுண்ணாம்புக்கல்லை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன பள்ளங்கள் ஊருக்கு ஊர் வாயைப் பிளந்து கிடந்தன. வரையாட்டைப் பார்க்க நான் தயாரானது அப்படியொரு பள்ளத்தின் விளிம்பில்.

2003இல் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஆனைமலையில் வரையாடு கணக்கெடுப்புக்கு எங்கள் பேராசிரியை மாணவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தது. கல்லூரி மொட்டைமாடியில் எட்டிப் பார்த்து எனக்குத் தலைசுற்றியதை அவர் பார்த்துவிட்டார். வரையாடு உச்சிப் புல்வெளியில் மேயுமே தவிர, செங்குத்துப் பாறையை விட்டு அதிக தூரம் போகாது. மிரண்டால் நம் வெள்ளாடு வீட்டைப் பார்த்து ஓடும். வரையாடு விளிம்பைப் பார்த்து ஓடும். செந்நாயும் சிறுத்தையும் தயங்கி நிற்கும் இடம் அதற்குப் பத்திரம். எண்ண வேண்டுமானால் நாமும் அங்கே போயாக வேண்டும்.

உனக்கு ஒத்துவராது என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆடு மேய்ப்பவள் மகளுக்கு ஆடு எண்ண வராதா? போவதற்குள் பழகிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தினமும் சாயங்காலம் பள்ளத்து விளிம்பில் போய் நின்றேன். கண்ணைத் திறந்தால் தரை நழுவியது. மூன்றாம் நாளே, களையெடுத்துத் திரும்பிய அக்கா ஒருத்தி பின்னாலிருந்து என் சடையைப் பிடித்து விளிம்பைவிட்டு இழுத்துப் போட்டாள். நான் வீடு வந்து சேருவதற்குள் காதல் தோல்வி என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பையன் யார் என்பதில்தான் இரண்டு கட்சி.

அம்மா திட்டவில்லை. என்னைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஆட்டை எண்ண இவ்வளவு கூத்தா என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் ஆடுகளைப் பள்ளத்துப் பக்கமே ஓட்டிவந்தாள். துப்பட்டாவை என் இடுப்பில் சுற்றி முடிந்து, நுனியைத் தன் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

இந்த முறை தள்ளி நின்று தொடங்கி, தினமும் விளிம்பை நோக்கி ஓரடி முன்னே போனேன். அம்மா கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். அதற்குத் தாடி உண்டா? கிடையாது. கொம்பு? ஆண், பெண் இரண்டுக்கும் பின்னால் வளைந்திருக்கும். வயதான கிடாவுக்கு மட்டும் கறுத்த முதுகில் வெளுப்பாக ஒரு திட்டு விழும்.

"கூப்புட்டா வருமா?"

"வராதும்மா."

"அப்ப நீதான் போவணும்" என்றாள்.

தலைசுற்றல் நிற்கவேயில்லை. சுற்றினாலும் கண்ணை மூடாமல் இருக்கத்தான் பழகினேன். மொட்டைமாடிச் சுவரில் சாய்ந்து குனிந்து காட்டியதும் பேராசிரியை சேர்த்துக்கொண்டார்.

மலையில் ஒரே மூடுபனி. விளிம்பில் குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். துப்பட்டா இடுப்பில் இருந்தது; நுனியைப் பிடிக்கத்தான் ஆளில்லை. சட்டென்று பனி விலகியது. கீழே பாறை மடிப்பில் ஒரு பெட்டை நிமிர்ந்து என்னையே பார்த்தது. அதன் பக்கத்தில், எங்கள் வாசற்படி அகலம்கூட இல்லாத திட்டில், குட்டி காலை மடக்கிப் படுத்திருந்தது. மற்றவை அதற்கும் கீழே, பாறையோடு பாறையாக நின்றன. உலகமே ஒரு பக்கம் சரிந்தது.

"தலை சுத்துதா?" என்று பின்னாலிருந்து பேராசிரியை கேட்டார்.

"சுத்துதுங்க மேடம். எண்ணிக்கிட்டு இருக்கேன்."