கலியமூர்த்தி அண்ணன் குரலில் வந்த ஆர்டர்

ஷேர் வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழிலில், விலை ஏறினால் அது வாடிக்கையாளரின் மூளை, இறங்கினால் நம்முடைய நாக்கு. விழுப்புரத்தில் ஆபீஸ், திண்டிவனத்தில் ஒரு கிளை என்று வைத்துக்கொண்டு மாரடிக்கிற எனக்கு இது தெரியும். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கும் தெரியும். ஆனால் இப்போது சொல்லப்போவது உங்களில் யாருக்கும் நடந்திருக்காது. நடக்கவும் வேண்டாம்.

புடுங்கிப் பார்க்கணும்

கண்டாச்சிபுரம் கலியமூர்த்தி அண்ணன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. பைபாஸ் ஓரத்து நிலத்தை விற்ற பணம் பேங்கில் கிடந்தது. மகள் கல்யாணம் அதை நம்பித்தான். ஒரு பெரிய டெக்னாலஜி கம்பெனியின் ஷேரில் அதைப் போடலாமா என்று கேட்டுக்கொண்டு வருவார். வந்ததும் கூடாதென்று அவரே வாதாடுவார். கம்பெனி பேர் வேண்டாம். கேட்டதற்கெல்லாம் போனில் பதில் பேசுகிற செயலியை விட்டிருக்கிறதே, அதுதான். வியாபாரம் வருஷா வருஷம் பெருகுவது வாஸ்தவம், ஆனால் ஷேர் விலை அதைவிட வேகமாக ஓடுகிறது என்பது என் கட்சியும்.

அண்ணன் சொல்வார்: "நான் கொல்லையில நாலு செடியப் புடுங்கி உதறிப் பாத்துட்டுதான் வெல சொல்லுவேன் சார். இவங்க செடி தளதளன்னு இருக்குதுன்னு இன்னும் வைக்காத காய்க்கும் சேத்து வெல கேக்கறாங்க."

திண்டிவனத்தில் எதிர்க்கட்சி

மல்லாட்டை ஏலத்துக்குத் திண்டிவனம் போனால் எங்கள் கிளையில் உட்காருவார். அங்கே கோட்டக்குப்பம் ஷமீம் பாய் பொறுப்பு. வளர்ச்சி எப்படியும் விலையை எட்டிப் பிடித்துவிடும் என்பது பாய் கட்சி. இரண்டு பேரும் டீ ஆறிப்போகிற வரை மல்லுக்கட்டுவார்கள்.

ஒருநாள் பாய் அலுத்துப்போய்ப் பேச்சை நிறுத்தினார். உடனே அண்ணன் சட்டைப்பையிலிருந்து பதில் வந்தது. மகள் அந்தக் கம்பெனிச் செயலியைப் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள். யாரும் அதைக் கேட்கவில்லை. பூ விட்டு, விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் வைக்கிற வரைக்கும் மல்லாட்டைக்காரன் பொறுக்க வேண்டாமா என்று பாய் பக்கம் நின்று அது வாதாடியது. பாய் எனக்குப் போன் பண்ணி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கண்டாச்சிபுரம் பேச்சு அப்படியே வருது சார். அவர் இருமற மாதிரி இருமிட்டுதான் ஆரம்பிக்குது."

ரெக்கார்டிங் லைன்

வாடிக்கையாளர் குரல் பதிவாகாமல் ஆர்டர் போடக்கூடாது. அதற்கென்று ஆபீசில் தனி லைன். அன்று அண்ணன் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் போன் மேசைமேல் திரை அணைந்து கிடந்தது. அந்த லைன் அடித்தது. நம்பரைப் பார்த்தால் அவருடையது. ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் ஒரு இருமல்.

"சார், கலியமூர்த்தி பேசறேன். பேங்க்ல இருக்கிற பணத்துக்கு மொத்தமா அந்தக் கம்பெனிய வாங்கிடுங்க."

எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கவே இல்லை. "வெல ஜாஸ்தின்னு சொல்லிக்கினு இருந்தீங்களே?" என்று கேட்டேன், யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாமலே.

"சொல்லிக்கினுதான் இருந்தேன். கம்பெனி வளந்திருக்குதா இல்லியான்னு இன்னும் சந்தேகமா சார்? இப்ப உங்ககிட்ட பேசறது யாரு?"

லைனைத் துண்டித்தேன். உங்கள் குரலில் பேச அந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்தீர்களா என்று அண்ணனைக் கேட்டேன். அது என்னென்னவோ கேட்கும், எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்திவிடுவேன் என்றார். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன். மேசைமேல் கிடந்த போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"இப்பதானே போன் பண்ணி அந்தக் கம்பெனியப் பத்தி எல்லாத்தையும் எடுத்துச் சொன்னீங்க, நானும் சரின்னுட்டேனே" என்றது அந்தம்மா குரல். "இவ்ளோ பொறுமையா நீங்க எங்கிட்ட பேசி எத்தினி வருஷமாச்சு."

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "வளந்துதான் இருக்குது சார். வாங்கிடுங்க."

அந்த விலை நியாயம்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் வேண்டாமென்று சொல்ல அன்று மிச்சமிருந்தவன் நான் ஒருத்தன்தான், எனக்கோ அதில் கமிஷன்.