முன் சீட்டும் ஓடாத முள்ளும்

அப்பாவின் பழைய காருக்கு, எஞ்சின் சூடேறினால் அலாரம் அடிக்கும் புது மீட்டர் மாட்ட காந்திபுரம் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். பேனட்டைத் திறந்ததும் சூடான ரப்பர் வாசனை வந்தது. சின்ன வயதில் வெள்ளகோவில் போகும் வழியெல்லாம் பின் சீட்டில் எனக்குக் குமட்டிய அதே வாசனை.

முன் சீட்டு எப்போதும் அக்காவுக்குத்தான். சூட்டைக் காட்டும் முள்ளைக் கவனிப்பது அவள் வேலை.

“முள்ளு ஏறுதா கண்ணு?” என்பார் அப்பா.

“இல்லீங்கப்பா” என்பாள். பிறகு இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டே வருவார்கள். நான் ரேடியேட்டருக்கான தண்ணீர்க் கேனைக் கட்டிப்பிடித்தபடி, அந்த முள் ஒருநாளாவது ஏறி அவள் பார்க்காமல் கோட்டைவிட வேண்டுமென்று சாமியிடம் கேட்பேன்.

அப்பா காலத்து மெக்கானிக் பழைய மீட்டரைக் கழற்றினார். “வண்டி வாங்குனப்பவே இந்த முள்ளு வேலை செய்யலீங்க அம்மணி. அப்பாவுக்குத் தெரியுமுங்க.”

ஓடாத முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க நான் போதாதா, அப்பா?