மூடச் சொன்ன பக்கம்

சென்ற ஆண்டு கோடை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். கைக்குழந்தையை விருதுநகரில் விட்டுவிட்டுத் தினமும் பஸ் ஏறுவது பெரும்பாடாக இருந்தது. அப்போதுதான் வீட்டிலிருந்தே செய்யும் டிசைனர் வேலை ஒன்றுக்கு விளம்பரம் பார்த்தேன். பெங்களூரு கம்பெனி. விண்ணப்பிப்பவர் தன் வேலைகளைக் காட்டச் சொந்த இணையதளம் வைத்திருக்க வேண்டுமாம். எனக்கு அப்படி ஒன்று கிடையாது.

இன்ஜினீயரிங் படித்த கொழுந்தன், தானே செய்து தருவதாகச் சொன்னார். நான் வரைந்ததெல்லாம் இருந்த பென் டிரைவைக் கொடுத்து, புது சீசன் லேபிள்களை மட்டும் போடக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆர்டர் பிடிக்கும் முன் லேபிள் வெளியே தெரிந்தால், அதே மாதிரி இன்னொருவர் பெட்டி போட்டுவிடுவார். எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

வீடியோவில் நேர்காணல். அந்தப் பக்கம் தமிழ் பேசும் ஒரு பெண் அதிகாரி. என் தளத்தைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பழைய பெட்டிகள் வந்தன. அடுத்து வந்தது, இன்னும் கடைக்கே வராத, ஆக்டோபஸ் படம் போட்ட லேபிள். போடக் கூடாது என்று நான் சொன்னவற்றில் ஒன்று.

வேலை போனால் போகட்டும் என்று, "மேடம், அதை மூடிடுங்க. அது இன்னும் வெளியே வராத சரக்கு, நான் காட்டக் கூடாது" என்றேன்.

மூடினார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன்.

பிறகு, கையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அலமாரியில் கிடந்த பழைய சங்குசக்கரப் பெட்டியைக் கேமரா முன் பிடித்தேன். இது வடக்கே போகிற சரக்கு, நம் எழுத்து அங்கே தெரியாது, படத்தைப் பார்த்தே சக்கரம் என்ன நிறத்தில் சுற்றும் என்று குழந்தைக்குப் புரிய வேண்டும் என்றெல்லாம் சொன்னேன்.

"இதைத்தான் கேட்க நினைச்சேன். தளமே இல்லாம நாலு படத்தை மெயில்ல அனுப்பியிருந்தாலே போதுமே" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கொழுந்தனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். "அதுதான் மதினி எல்லாத்துலயும் அம்புட்டு நல்லா இருந்துச்சு. ஒங்களுக்கு வேலை கெடைக்கட்டுமேன்னு போட்டேன்" என்றார். பாவம், முகம் சுண்டிப்போயிற்று. தளத்தையே அழிக்கச் சொன்னேன்.

மறைக்க மனம் வராமல் மறுநாளே அச்சக முதலாளியிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "எத்தன பேரு பாத்திருப்பாகம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பெங்களூரு வேலை கிடைத்தது. ஆனால் தீபாவளி வரை தூக்கம் இல்லை. கண்ணில் பட்ட கடையில் எல்லாம் நின்று, அந்த ஆக்டோபஸ் வேறு யாருடைய பெட்டியிலாவது ஏறியிருக்கிறதா என்று தேடினேன். நல்லவேளை, எங்கும் இல்லை.

இப்போது யாராவது வேலைக்கு விண்ணப்பிக்க இணையதளம் வேண்டுமா என்று என்னிடம் கேட்டால், அதில் வைக்கப்போவது யாருடைய பொருள் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.